பட்டதாரிகளின் சங்கமும் திரை போட்ட மேசையும்

டலஸ் பக்கம் கார் ஓடுகிற ஆட்கள் கவனித்திருப்பீர்கள். சில கார்களின் இலக்கத் தகட்டைச் சுற்றிக் கறுப்பும் பொன்னிறமுமாக ஒரு சட்டம் இருக்கும். அதில் கிரேக்க எழுத்துகள். சிலதில் ஊதாவும் பொன்னிறமும், சிலதில் கருஞ்சிவப்பும் வெண்மஞ்சளும். ஓட்டுகிறவர் அநேகமாக ஐம்பது அறுபது வயது தாண்டிய கறுப்பினத்தவராக இருப்பார்.

"உது கொலிஜ் பெடியளின்ர பார்ட்டிக் கூட்டம். வயசு போயும் விடுறாங்கள் இல்லை" என்று எங்கள் ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காப்பெல்லில் எங்கள் சனத்துக்கு இந்த மனிதர்களின் வரலாறு பெரிதாகத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் அவர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தக் கறுப்பும் பொன்னிறமும் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தின் நிறங்கள். ஆங்கிலத்தில் ஃபிரட்டேர்னிட்டி என்பார்கள். நான் சகோதர சங்கம் என்றே எழுதுகிறேன். கொலிஜ் பெடியள் தொடங்கியது என்பது சரிதான். ஆனால் பெடியளோடு முடிந்த கதை அல்ல.

1906 டிசம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 7 கறுப்பின மாணவர்கள் சேர்ந்து இதை ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் கோர்னெல்லில் படித்த கறுப்பு மாணவர்களை விரல் விட்டு எண்ணலாம். முந்தைய ஆண்டுகளில் வந்த சிலர் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பியே வரவில்லை. வெள்ளை மாணவர்களுக்கு அங்கே சகோதர சங்கங்களும் அவற்றுக்கென்று வீடுகளும் இருந்தன. கறுப்பு மாணவர்கள் அந்த வீடுகளுக்குள் போகலாம், ஆனால் வேலைக்காரனாக மட்டும்தான். இந்தக் குழுவில் சிலர் அப்படி அந்த வீடுகளில் வேலை செய்துதான் படிப்புச் செலவைப் பார்த்தார்கள். தனித்துப்போன பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படித்து முடிக்க ஒரு வழி. அதுதான் முதல் நோக்கம்.

அந்த 7 பேரில் ஒருவரான யூஜின் கிங்கிள் ஜோன்ஸ் பிற்காலத்தில் தேசிய நகர்ப்புறக் கழகத்தை நடத்தினார். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு வேலை தேடி வந்த கறுப்பு மக்களுக்கு வேலையும் வீடும் தேடிக் கொடுத்த அமைப்பு அது.

அடுத்தது ஒரு முக்கியமான விஷயம். வெள்ளையரின் சகோதர சங்கம் பெரும்பாலும் படிப்போடு முடிந்துவிடும். பிறகு பழைய நினைவுதான். கறுப்பினத்தவரின் சங்கங்களில் பட்டம் வாங்கியபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு ஊரில் இருக்கிற பட்டதாரிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கிளை அமைத்துக்கொள்வார்கள். இதைப் பட்டதாரிக் கிளை என்று சொல்லலாம். ஆல்ஃபாவின் முதல் பட்டதாரிக் கிளை 1911இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் தொடங்கியது. கிளையின் பெயர் 'லாம்ப்டா' என்று முடிந்தால் அது பட்டதாரிகளுடையது என்று அர்த்தம். டலஸ் நகரின் கிளைக்கு ஆல்ஃபா சிக்மா லாம்ப்டா என்று பெயர்.

இந்தக் கிளைகளுக்கு ஏன் தேவை வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ரெக்சாஸில் ஒரு கறுப்பின டொக்டர் வெள்ளையரின் மருத்துவர் சங்கத்தில் சேர முடியாது. ஒரு வியாபாரி நகரின் வர்த்தகர் சங்கத்துக்குள் நுழைய முடியாது. வெளியூர் போனால் ஹோட்டலில் அறை இல்லை. டலஸில் கறுப்பினத்தவர் தங்குவதற்கும் கூட்டம் வைப்பதற்கும் 1930இல் திறந்த மோர்லண்ட் வை.எம்.சி.ஏ. கட்டடம்தான் பெரிய இடம். பட்டம் இருந்தும் எல்லாக் கதவும் மூடியிருந்த ஆட்களுக்கு, ஊருக்கு ஊர் ஒரு சகோதரன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அகதியாக ஊர் ஊராக அலைந்த எங்களுக்கு விளங்கும்.

சரி, டலஸுக்கு வருவோம்.

அன்ரோனியோ மேசியோ ஸ்மித் என்று ஒரு மனிதர். 1903இல் ரெக்சார்கானாவில் பிறந்தவர். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம். பிறகு நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் மேற்பட்டம். 1930களின் தொடக்கத்தில் டலஸுக்கு வந்தார். உறங்கிக் கிடந்த டலஸ் நீக்ரோ வர்த்தகர் சங்கத்தை எழுப்பி அதன் நிர்வாகச் செயலாளர் ஆனார். ("நீக்ரோ" என்பது அந்தக் காலத்து உத்தியோகபூர்வச் சொல். பெயர் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.)

1936இல் ரெக்சாஸ் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழா. டலஸின் ஃபெயார் பார்க்கில் மாபெரும் கண்காட்சி. எல்லாருக்கும் மண்டபம் உண்டு, கறுப்பு மக்களுக்கு மட்டும் இல்லை. மாநிலச் சட்டசபை பணம் தர மறுத்தது. மேசியோ ஸ்மித்தும் கூட்டாளிகளும் விடவில்லை. மத்திய அரசிடம் போய் 1,00,000 டொலர் வாங்கினார்கள். 1936 யூன் 19ஆம் திகதி 'ஹோல் ஒஃப் நீக்ரோ லைஃப்' என்ற மண்டபம் திறக்கப்பட்டது. ரெக்சாஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட அதே யூன் 19. 4 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அதில் பெரும்பங்கு வெள்ளையர்கள். ஏரன் டக்ளஸ் என்ற பெரிய ஓவியர் அதற்காக 4 சுவரோவியங்கள் வரைந்து கொடுத்திருந்தார்.

அடுத்த ஆண்டுக் கண்காட்சி தொடங்குமுன்பே அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அந்த 4 ஓவியங்களில் 2தான் மிஞ்சின. ஒன்று வாஷிங்டனில், மற்றது சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த இடத்துக்குக் கிட்ட 1993இல் ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் வந்தது. பிள்ளைகளை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மண்டபம் போனது, ஆனால் மனிதர்கள் ஓயவில்லை. அதே 1936இல் முற்போக்கு வாக்காளர் கழகம் என்று ஒன்றை டலஸில் அமைத்தார்கள். அப்போது ரெக்சாஸில் வாக்குப் போட வரி கட்ட வேண்டும். ஆண்டுக்கு 1.50 டொலர், அதற்கு மேல் கவுண்டிக்கு 25 சதம். சமையல்காரிக்கும் துணி தோய்க்கிறவளுக்கும் அது சின்னக் காசு அல்ல. அதைக் கட்ட வைத்து, சனத்தை வாக்காளராக்கி, 1937 நகரசபைத் தேர்தலில் அந்த வாக்குகளைக் காட்டிப் பேரம் பேசினார்கள். 1939இல் தெற்கு டலஸில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி திறந்ததில் அந்தப் பேரத்துக்குப் பங்கு உண்டு. இந்த வாக்காளர் கழகத்தின் தூண்களில் ஒருவர் மேனார்ட் ஜக்சன் என்ற போதகர். 1938இல் டலஸில் பிறந்த அவருடைய மகன், அதே பெயர்க்காரர், பிற்காலத்தில் அட்லாண்டா நகரின் முதல் கறுப்பின மேயரானார். மகனும் ஒரு ஆல்ஃபா.

ஆல்ஃபா சங்கம் அந்தக் காலத்தில் நாடு முழுவதும் கொண்டு போன பிரசாரமும் இதேதான்: வாக்கில்லாத சனத்துக்கு நம்பிக்கையும் இல்லை. அதற்கு முன்னரே, 1920களில், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகச் சொல்லி ஒரு பிரசாரம் தொடங்கியிருந்தார்கள். ஊரில் இதைச் செய்வது பட்டதாரிக் கிளைகளின் வேலை. இப்போதும் அவை செய்கிற முக்கியமான வேலைகள் இந்த இரண்டும்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. நான் உணவகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் இது கொஞ்சம் கூடவே பிடிக்கும்.

1942 மே 17. எல்மர் ஹென்டர்சன் என்ற கறுப்பின அரசாங்க உத்தியோகத்தர் வாஷிங்டனிலிருந்து அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கு சதர்ன் ரயிலில் போகிறார். முதல் வகுப்பு டிக்கெட். மாலை 5.30 போல் சாப்பாட்டுக்கு அழைப்பு வருகிறது. சாப்பாட்டுப் பெட்டியில் குசினிக்குப் பக்கத்திலுள்ள கடைசி 2 மேசைகள்தான் கறுப்பினத்தவருக்கு. அதையும் ஒரு திரையால் மறைப்பார்கள். வெள்ளையருக்கு இடம் போதாவிட்டால் திரையை விலக்கிவிட்டு அவர்களை அதிலும் இருத்துவார்கள். ஹென்டர்சன் போனபோது அங்கே சில வெள்ளையர் இருந்தார்கள். ஆனாலும் ஒரு கதிரையாவது காலியாக இருந்தது. பெட்டியின் மேற்பார்வையாளர் இடம் தர மறுத்தார். "உங்கள் இருக்கைக்கே கொண்டுவந்து தருகிறோம், மேலதிகக் காசு வேண்டாம்" என்றார். ஹென்டர்சன் அதை ஏற்கவில்லை. இடம் வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவில்லை. இன்னும் 2 தடவை போய்ப் பார்த்தார். இரவு 9 மணிக்கு சாப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். மனிதர் பட்டினி.

அவர் வழக்குப் போட்டார். 8 வருடம் இழுபட்டது. நடுவில் ரயில் கம்பனி விதியை மாற்றியது. எப்படி? வெள்ளையருக்கு 10 மேசை, கறுப்பினத்தவருக்கு 1 மேசை, நடுவில் தடுப்பு. இதுதான் அவர்கள் கண்ட நியாயம்!

8 வருடம் வழக்கு நடத்த யார் காசு கொடுத்தது? ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய பெல்ஃபோர்ட் லோசன் அப்போது அந்தச் சங்கத்தின் தேசியத் தலைவர். சந்தாப் பணம் இரவு விருந்துக்கு மட்டும் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 1950 யூன் 5ஆம் திகதி தீர்ப்பு வந்தது. எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் ஹென்டர்சன் வென்றார். ஒரே டிக்கெட் வாங்கிய மனிதர்களை ஒரே பெட்டிக்குள் திரை போட்டுப் பிரிப்பது சட்டவிரோதம்.

அதே நாளில் ரெக்சாஸ் வழக்கு ஒன்றுக்கும் தீர்ப்பு வந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த தபால்காரர் ஹீமன் ஸ்வெற் 1946இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவர் ஒருவரைச் சேர்க்காமல் இருப்பதற்காகவே மாநிலம் கறுப்பினத்தவருக்கு ஒரு தனிச் சட்டக் கல்லூரியை உருவாக்கியது! அந்த வழக்கை நீதிமன்றத்தில் கொண்டு போனவர் தேர்குட் மார்ஷல், அவரும் ஒரு ஆல்ஃபா. ரெக்சாஸுக்குள் ஆளும் பணமும் திரட்டியவர்களில் முன்னணியில் நின்றவர் எங்கள் டலஸ் மேசியோ ஸ்மித். ஸ்வெற் வென்று உள்ளே போனார். ஆனால் உடல்நலமும் மனநலமும் கெட்டு, 1952இல் சட்டப் பட்டம் வாங்காமலே வெளியேறினார். பிறகு அட்லாண்டாவில் சமூகப்பணியில் மேற்பட்டம் படித்தார். கதவைத் திறந்தவனுக்கே அந்த வீட்டில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட எனக்கு அந்தத் தபால்காரர் மீது தனி மரியாதை.

லோசனுக்கு அடுத்த தேசியத் தலைவராக 1952 தொடக்கம் 1954 வரை இருந்தவர் மேசியோ ஸ்மித்தான். ஒரு ஊரின் பட்டதாரிகள் தங்கள் ஊருக்குள் செய்த வேலையின் கனம் அதில் தெரியும். அவர் 1977இல் காலமானார். டலஸ் நகர மையத்தில் ஒரு மத்திய அரசுக் கட்டடத்துக்கும் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு இவர்களைத் தெய்வமாக்க வேண்டாம். குறையும் இருந்தது. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் 1957இல் ஆங்கிலத்தில் வந்த தன் நூலில் கறுப்பு நடுத்தர வர்க்கத்தை உரித்துக் காட்டினார். சங்கங்கள், விருந்துகள், உடுப்பு, பகட்டு, ஏழைகளிலிருந்து விலகி நிற்பது என்று எதையும் அவர் விடவில்லை. புதியவர்களைச் சேர்க்கும்போது அடிப்பதும் அவமதிப்பதும் இருந்தது. எங்கள் பகிடிவதைதான், பெயர் மட்டும் வேறு. 1990இல் இந்தச் சங்கங்கள் சேர்ந்து அந்தப் பழைய சேர்ப்பு முறையை அதிகாரபூர்வமாக ஒழித்தன. நடைமுறையில் அதற்குப் பிறகும் சம்பவங்கள் நடந்தன.

இன்னொன்று. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவன் இந்தச் சங்கத்தில் சாதாரணமாகச் சேர முடியாது. அந்த ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கத்தைய சாப்பாட்டுப் பெட்டிகளில் மேற்பார்வையாளர் வெள்ளையர். சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் கறுப்பினத்தவர். அதாவது ஹென்டர்சன் இருக்க முடியாத மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் அவருடைய ஆள்தான். அவன் பெயர் எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் இல்லை.

ஆனால் ரயிலில் வேலை செய்தவர்களிடமும் சங்கம் இருந்தது. 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டொல்ஃப் ரயில் படுக்கைப் பெட்டித் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்தார். 1941இல் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவோம் என்று அவர் வெருட்டியதால்தான் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யுத்தத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து ஒரு குழுவை அமைத்தார். ஹென்டர்சன் உத்தியோகம் பார்த்தது அந்தக் குழுவில்தான்! பெட்டி தூக்கியவர்களின் சங்கம் ஒரு பட்டதாரிக்கு வேலை உண்டாக்கியது. அந்தப் பட்டதாரி பட்டினி கிடந்தபோது பட்டதாரிகளின் சங்கம் வழக்குக்குக் காசு கட்டியது. அதற்குப் பிறகு அந்த ரயிலில் ஏறிய எல்லாருக்கும், பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரை விலகியது.

டலஸிலும் அப்படித்தான். ஜுவனிட்டா கிராஃப்ட் என்ற பெண் 1925 தொடக்கம் 1934 வரை அடோல்ஃபஸ் ஹோட்டலில் பணிப்பெண்ணாக இருந்தார். பிறகு ஊர் ஊராகப் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் ரெக்சாஸ் முழுக்க 182 உரிமைச் சங்கக் கிளைகளை அமைத்தார். 1975இல் 73 வயதில் டலஸ் நகரசபைக்குத் தெரிவானார். மேசியோ ஸ்மித்தின் பேனாவும் கிராஃப்டின் காலும் சேர்ந்துதான் வேலை நடந்தது. ஒன்று இல்லாமல் மற்றது நகர்ந்திருக்காது.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம்.

படித்தவர்களின் சங்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிது அல்ல. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் அது நிலைக்கவில்லை, 30களிலேயே தேய்ந்துபோனது. 1957இல் சட்டம் வந்த பிறகும் எங்கள் தேநீர்க் கடைகளில் ஒருவருக்குக் கிளாஸ், இன்னொருவருக்குப் போத்தலோ தகரப் பேணியோ. அதை உடைக்க 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போனவர்கள் பெரும்பாலும் தொழிலாளிகளும் இடதுசாரிகளும். எங்கள் பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்றதாக வரலாறு இல்லை. ரயிலின் திரையும் தேநீர்க் கடையின் தகரப் பேணியும் ஒரே சாமான்தான்.

இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எங்களுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் நிறைய. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்கிறார்கள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பல ஊர்களில் அந்தப் பணம்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் அநேகமாகத் தன் பள்ளிக்கூடத்து மதிலுக்குள்தான் போகிறது.

2020 யூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தமிழனின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெயர் விஜயகுமார் துரைசிங்கம். இலங்கையில் விவசாயம் செய்தவர். வானில் கடத்தப்பட்டு அடிபட்டவர். 2017இல் மெக்சிக்கோ எல்லை கடந்து கலிஃபோர்னியாவுக்குள் வந்து அகதித் தஞ்சம் கேட்டார். அவருடைய கோரிக்கையை அதிகாரிகள் நிராகரித்ததை நீதிமன்றம் மீள ஆராய முடியாது என்று 7க்கு 2 என்று தீர்ப்பானது. அவருக்குப் பின்னால் வருகிற எல்லா நாட்டு அகதிகளையும் கட்டுகிற தீர்ப்பு அது. அவருக்காக வாதாடியது அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம். நல்ல மனிதர்கள், நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நான் யோசிப்பது ஹென்டர்சனை. அவருக்காக வாதாடியவர் அவருடைய சனம், காசு போட்டதும் அவருடைய சனம். இந்த நாட்டில் குற்றவாளிக்கு அரசாங்கம் வழக்கறிஞரைத் தரும். குடிவரவு நீதிமன்றத்தில் அகதிக்குத் தராது. தடுப்பு முகாமுக்குள் இருக்கிறவன் எந்தக் கல்லூரியில் படித்தான், எந்த ஊரான் என்று கேட்காமல் ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தைக் கட்டுகிற ஒரு நிதி எங்களிடம் வேண்டும். டலஸ் பக்கத்தில் மட்டும் எங்களில் எத்தனை கணினிப் பொறியியலாளர், எத்தனை டொக்டர், எத்தனை கணக்காளர்!

ஒரு ஆண்டு இரவு விருந்தின் அனுமதிச் சீட்டோடு 10 டொலர் கூடச் சேர்த்து வாங்கினால் தொடங்கலாம். நிர்வாகக் குழுவில் பட்டதாரிகள் இருக்கட்டும், கணக்கு வழக்கு அவர்களுக்குத்தான் வரும். ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கிற இடத்தில் முகாமுக்குள் இருந்து வந்த இரண்டு பேரையும், எங்களைப் போலக் குசினியில் நிற்கிற இரண்டு பேரையும் கூட இருத்துங்கள். அந்த விருந்துக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.